சின்னம்மாவுக்கு இங்கிலீஷில் என்ன?

சவரி,

'அன்புள்ள மகனுக்கு' என்று தொடங்கி, அதை அடித்துவிட்டு, உன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். காகிதம் கிடைக்காத காலத்தில் ஒரு வரியை வீணாக்கியது எனக்கே உறுத்துகிறது. ஆனால் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும் இருக்கப்போகிறது, பொறுத்துக்கொள். நீயும் கோபாலும் எஸ்தர் வீட்டில் சொல்லிக்கொண்டு வரத் தானா ராத்தாவுக்கு நடந்து போயிருக்கிறீர்கள். திரும்பி வர மாலையாகிவிடும். உன் தங்கை திரேசா உன் பழைய சட்டையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். நாளைக் காலை முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கு இறங்கும் கரி லாரியில் நீ போய்விடுவாய். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடுகிற அந்த லாரி மலை இறங்குமா என்று எனக்குப் பயம். இறங்கிவிட்டால் அதைவிடப் பயம்.

நேரில் சொல்லலாமே என்று கேட்பாய். எனக்குப் பேச வராது. "இவளுக்கு உப்பு வேணும்னாக்கூட முதல்ல எழுதிப் பாத்துட்டுத்தான் கேப்பா" என்று உன் அப்பா சிரிப்பார். அவர் சொன்னது உண்மைதான். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நீ லாரியில் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. இங்கேயே அடுப்படியில் உட்கார்ந்து படித்துவிட்டு என் கையிலேயே கொடுத்துவிடு. ஏன் என்று படித்துக்கொண்டு வரும்போது தெரியும்.

எனக்கு உன் அம்மாமேல் பொறாமை. நான் பார்த்தே இராத, நான் வருவதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்ட ஒரு பெண்மேல் எனக்குப் பொறாமை. இருபது வயதில், பதினொரு வயதுப் பையன் ஒருவன் இருக்கிற, ஆபிஸில் கணக்கெழுதும் கிராணிக்கு இரண்டாம் தாரமாகத் தைப்பிங்கிலிருந்து இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆளிடம் கங்காணி, "லூர்து வீட்டுல எறக்கு" என்றார். நான் இந்த மலையில் கேட்ட முதல் வாக்கியமே உன் அம்மா பெயரில் இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை இது லூர்து வீடுதான். உன் அப்பாவின் வீடு என்றுகூட யாரும் சொன்னதில்லை. குழாயடியில் பனி மூடிய காலையிலும் பூக்கிற ரோஜா, லூர்து வைத்தது. நான் பக்கத்தில் வைத்த கிளை மூன்று முறை பட்டுப்போயிற்று. கங்காணியின் மனைவி அஞ்சலை, அதுதான் உன் கோபாலின் அம்மா, லூர்துவோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். அவள் என் அடுப்படிக்கு வரும்போதெல்லாம் பானையை முகர்ந்து பார்ப்பாள். "லூர்து ரசம் வச்சா லயம் முழுக்க மணக்கும். நீ வச்சா பானைக்குள்ளயே இருக்கு" என்பாள். நான் பதில் சொன்னதில்லை. ராத்திரி படுத்த பிறகு மனதுக்குள் பத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

நீ என்னை ஒரு நாளும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை, சவரி. அதுதான் என் குறை. "சின்னம்மா, சாப்பிட்டீங்களா?" "சின்னம்மா, நீங்க படுங்க, நான் தண்ணி பிடிச்சுர்றேன்." பக்கத்து வீட்டில் கோபால் அஞ்சலையிடம், "ஏம்மா, உனக்குக் கண்ணு தெரியல? அதான் கைகிட்டயே இருக்கே" என்று கத்துவான். அவள் அகப்பையை எடுத்துக்கொண்டு அவனைத் துரத்துவாள். அந்தக் கத்தலுக்காக நான் ஏங்கியிருக்கிறேன். நீ லூர்துவை 'நீ' என்றுதான் கூப்பிட்டாய். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் வந்த வருடம் உனக்குக் காய்ச்சல் கண்டது, ஞாபகம் இருக்கிறதா? கண் மூடிக்கொண்டே, "அம்மா, நீ போகாத" என்று பிதற்றினாய். நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்த கை என்னுடையது. காய்ச்சல் இறங்கியதும் கண் திறந்து, "சின்னம்மா, நீங்க தூங்கலையா?" என்றாய். நீ பிழைத்துவிட்டாய் என்ற சந்தோஷத்துக்கு நடுவில் அந்த 'நீங்க' எனக்கு முள்ளாகக் குத்தியது.

என் டிரங்குப் பெட்டியில் சேலைகளைவிடப் புத்தகங்கள் அதிகம் என்று லயம் முழுவதும் பேச்சாக இருந்ததை நீ அறிவாய். என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பும் துரைகள் விட்டுப்போகிற புத்தகங்களை எனக்குக் கொண்டுவருவார். தமிழோ ஆங்கிலமோ, அச்சில் இருந்தால் படித்துவிடுவேன். லூர்துவுக்கு ஆங்கிலம் தெரியாது. இந்த வீட்டில் அவள் கால் வைக்காத ஒரே அறை ஆங்கிலம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். தாப்பா பள்ளியிலிருந்து விடுமுறைக்கு வந்து நீ பாடத்தில் சந்தேகம் கேட்டபோது, உன் கையைப் பிடித்து அந்த அறைக்குள் கூட்டிப்போனேன். அங்கே எனக்கு இன்னொரு சுகமும் இருந்தது. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்று இரண்டு கிடையாது. துரையும் 'யூ'தான், தோட்டியும் 'யூ'தான். நீ என்னைப் பார்த்து 'யூ' என்னும்போதெல்லாம் அதை 'நீ' என்று நானே மாற்றி எடுத்துக்கொள்வேன். கேட்க ஆளில்லையே.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். உங்கள் பள்ளிகளை மூடினார்கள். முதல் வருடமே உன் அப்பா மலைக்காய்ச்சலில், கொய்னா மாத்திரை கிடைக்காமல் போனார். கொழுந்து பறிக்க ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து மரமாகிவிட்டன. நடுநடுவே மரவள்ளி நட்டோம். வயசுப் பையன்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து அங்கே எப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆபிஸ் வேலையில் இருக்கிறவனைத்தான் தொடமாட்டார்கள் என்று கங்காணி சொன்னார். அந்த ஆபிஸ்களில் இருந்த ஜப்பான் துரைகளுக்குத் தமிழ் தெரியாது, மலாயும் தெரியாது. நமக்கு அவர்கள் பாஷையில் குனிந்து வணக்கம் சொல்வதற்கு மேல் வராது. அதனால் உள்ளே எல்லாக் காரியமும் ஆங்கிலத்திலேயே நடந்தது. வெளியே ஆங்கிலம் பேசினால் கன்னத்தில் அறை, உள்ளே பேசாவிட்டால் வேலை இல்லை. நீ சயாம் போகாமல் இருக்க வேண்டுமென்றால் வேலைக்கான ஆங்கிலம் உன் நாக்கில் தயங்காமல் வர வேண்டும். பள்ளியில் படித்த பாடம் அதற்குப் போதாது.

அப்படித்தான் நீயும் கோபாலும், அப்போது நம் தோட்டத்திலேயே இருந்த, காயத்துக்குக் கட்டுப் போடும் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரின் மகள் எஸ்தரும் சாயங்காலங்களில் என் அடுப்படிக்கு வர ஆரம்பித்தீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு, காய்ந்த மரவள்ளியை யாராவது ஒருவர் உரலில் இடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் விதி. உலக்கைச் சத்தத்துக்கு அடியில் ஆங்கிலம் வெளியே கேட்காது. உலக்கை நின்றால் பேச்சும் நிற்க வேண்டும். உன் அப்பாவின் தொப்பியை மாட்டிக்கொண்டு நான் ஸ்டூலில் உட்காருவேன். நான்தான் துரை. "கம் இன்" என்பேன். நீங்கள் உள்ளே வந்து குனிந்து நிற்பீர்கள். என்ன வேலை தெரியும், கணக்கு வருமா, சரக்கு வந்து சேராவிட்டால் மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வாய் என்று கேட்பேன். எஸ்தர் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு 'ப்ளீஸ்' போடுவாள். வேலை கொடுக்கிற துரையே மிரண்டுபோவான். கோபாலிடம், முன் அனுபவம் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டால், "எங்கப்பன்கிட்ட அடி வாங்குன எக்ஸ்பீரியன்ஸ்தான் கிராணியம்மா, அதை எப்புடிச் சொல்றது?" என்று தமிழில் கேட்பான்.

டெலிபோன் பாடம் நடந்த அன்று நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் இந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொட்டாங்கச்சியைக் கோபாலின் காதில் வைத்து, துரை வெளியே போயிருக்கிறார், பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லச் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் கேட்டான். பணிவாகத் தலையாட்டினான். மறுபடியும் ஆட்டினான். கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னடா, ஒண்ணுமே பேசல?"

"சொல்லிட்டேன்லா கிராணியம்மா. சரின்னு தலையாட்டுனேனே."

"அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு எப்புடிடா தெரியும்?"

"அதுகூடத் தெரியாதவனுக்கு எதுக்கு டெலிபோனு?"

மறுநாள் எஸ்தர் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு துரையானாள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று உன்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். "மை சிஸ்டர், அண்ட் மை..." என்று தொடங்கி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். "சின்னம்மாவுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

நான் வாய் திறப்பதற்குள் உரலடியிலிருந்து கோபால், "சின்னன்னா ஸ்மால். அம்மான்னா மதர். இதுக்குப் போயி யோசிக்கிறான் பாரு" என்றான்.

"மை ஸ்மால் மதர்" என்றாய் நீ, நல்ல பிள்ளையாக.

"ஐயோ, குள்ளமா இருப்பாங்கன்னு நெனச்சுக்குவான்" என்றாள் எஸ்தர்.

"கிராணியம்மா குள்ளந்தானே?" என்றான் கோபால். உலக்கை நின்றுவிட்டது. மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினீர்கள். நானும் சிரித்தேன்.

ஆங்கிலத்தில் அதற்குச் சொல் இருக்கிறது, சவரி. எனக்கு அது தெரியும். நான் படித்த கதைகளில் அந்தச் சொல்லைச் சுமந்து வருகிற பெண்கள் எல்லோரும் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள். அதை என் கையாலேயே உன் வாயில் ஊட்ட எனக்கு மனம் வரவில்லை. "அந்தக் கேள்வி வராது, அடுத்ததுக்குப் போங்க" என்றேன். வந்தது அந்தக் கேள்விதான்.

இனிமேல் எழுதப்போவதைத்தான் நான் உன்னிடம் நேரில் சொல்லவே முடியாது. இன்னொரு சாயங்காலப் பாடத்தில், குடும்பத்தைப் பற்றிச் சொல் என்று நான் கேட்டபோது நீ, "மை ஃபாதர் வாஸ் அ கிராணி. மை மதர் இஸ் லூர்துமேரி" என்றாய். அப்பாவுக்கு 'வாஸ்' சரியாகப் போட்டாய். அம்மாவுக்கு 'இஸ்'. திருத்தினேன். மறுநாளும் 'இஸ்' என்றாய். இருக்கிறவர்களுக்கு 'இஸ்', போய்விட்டவர்களுக்கு 'வாஸ்' என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினேன்.

"சின்னம்மா, தமிழ்ல 'எங்கம்மா லூர்துமேரி'ன்னு சொன்னாத் தப்பா?"

"இல்லையே."

"அதுல இருக்காங்களா, செத்துட்டாங்களான்னு எங்க வருது?"

"வரல."

"அப்ப இங்கிலீஷ் மட்டும் ஏன் கேக்குது?"

"வெள்ளக்காரனுக்கு எதுக்கும் டைம் பாக்கணும்டா" என்றான் கோபால். ஒருவரும் சிரிக்கவில்லை.

எத்தனையோ புத்தகங்கள் படித்த எனக்கு அதுவரை அது தோன்றியதே இல்லை. தமிழில் அந்த வாக்கியத்துக்கு வினைச்சொல்லே கிடையாது. வினைச்சொல் இல்லாததால் அதற்குக் காலமும் இல்லை. எங்கம்மா லூர்துமேரி. அவ்வளவுதான். தமிழில் அவள் சாகவே இல்லை, அதனால்தான் என்னால் அவளை அசைக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் அவளைச் சாகவைக்க வழி இருந்தது. மூன்றே எழுத்து. அன்றிலிருந்து கோபாலின் பிழைகளை விட்டுவிட்டேன், எஸ்தரின் 'ப்ளீஸ்'களை எண்ணுவதை விட்டுவிட்டேன். உன் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், "மை மதர் வாஸ் லூர்துமேரி" என்று உன்னைச் சொல்லவைத்தேன். ஒரு தடவை சரியாகச் சொன்னாலும், இன்னொரு தடவை சொல் என்றேன். நீ அதைப் பாடம் என்று நினைத்தாய். கதவைச் சாத்தி, உரல் இடிக்கிற சத்தத்துக்குள் ஒரு பெண்ணை அவள் மகன் வாயாலேயே வெளியேற்றிக்கொண்டிருந்தேன்.

தாப்பா ரோடு ஸ்டேஷன் கூட்ஸ் ஆபிஸுக்கு ஆள் எடுக்க ஜப்பான் துரை தானா ராத்தாவுக்கு வந்தான். நீயும் கோபாலும் போனீர்கள். அன்று முழுவதும் திரேசா எதைக் கேட்டாலும் 'ம்' என்று மட்டும் சொன்னேன். நீ திரும்பி வந்து, "வேலை கெடச்சிருச்சு, சின்னம்மா" என்று சொல்லிவிட்டு நேராகக் குழாயடிக்குப் போய்விட்டாய். பின்னாலேயே மூச்சு வாங்க வந்த கோபால்தான் விஷயத்தைச் சொன்னான். அவனுக்குத் தானா ராத்தாவிலேயே பியூன் வேலை. அவன் குனிந்து வணக்கம் சொன்ன விதம் துரைக்குப் பிடித்துவிட்டதாம்.

"கிராணியம்மா, இவனுக்கு முன்னாடி ஒரு பையன். 'ஃபாதர்?'ன்னான். செத்துட்டாருன்னு சொன்னான். 'மதர்?'ன்னான். செத்துட்டாங்கன்னு சொன்னான். 'நோ ஃபாதர், நோ மதர், நோ ஹவுஸ்'னு மேசையத் தட்டிட்டான் ஜப்பான் துரை. வீடும் கெடையாது, வீட்டுக்கு அரிசியும் கெடையாது. தங்கச்சிங்க இருக்குன்னு பையன் அழுவுறான், அவன் காதுலயே போட்டுக்கல. அடுத்து நம்மாளு. 'மதர்?'ன்னான். இவன் நிமிந்து நின்னு, 'மை மதர் இஸ் லூர்துமேரி'ன்னுட்டான்!"

"இஸ்ஸா?" என்றேன்.

"இஸ்ஸுதான். கணீர்னு சொன்னான். 'குட்'னு சொல்லிட்டான் துரை. தாயும் தங்கச்சியும் இந்த வீட்டுலயே இருக்கலாம், மாசாமாசம் அரிசி வாங்கிக்கலாம்."

குழாயடிக்கு வந்தேன். நீ லூர்துவின் ரோஜாவுக்குப் பக்கத்தில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தாய்.

"என் பேரைச் சொல்லியிருக்கலாமே, சவரி?"

"வாயில வரல, சின்னம்மா. உங்க பேரை நான் ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கேனா? நீங்க தினம் சொல்லச் சொன்னது அம்மா பேரைத்தானே."

"நான் சொல்லச் சொன்னது 'வாஸ்'."

"'வாஸ்'னு சொல்லியிருந்தா நீங்களும் திரேசாவும் எங்க போவீங்க?" கையால் முகத்துத் தண்ணீரை வழித்து எறிந்தாய். "விடு, சின்னம்மா. அரிசி வந்தாச் சரி."

நீ என்ன சொன்னாய் என்று உனக்குத் தெரியாது. துண்டைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். 'விடுங்க' இல்லை. 'விடு.' இத்தனை வருடத்தில் முதல் முறையாக, எரிச்சலில், நினைக்காமல். அந்தச் சொல்லை நான் என்ன செய்வது என்று தெரியாமல் நெடுநேரம் குழாயடியிலேயே நின்றேன்.

அன்று எனக்கு முதலில் வந்தது நன்றி அல்ல. கோபம். லூர்து கால் வைக்காத ஒரே அறைக்குள் அவளை நீ கைபிடித்துக் கூட்டிவந்துவிட்டாய். ஆங்கிலத்திலும் அவள் உயிரோடு இருக்கிறாள், ஒரு ஜப்பான்காரனின் சாட்சியோடு. அவளை வெளியேற்ற நான் தினம் தினம் உன் நாக்கில் உருவேற்றிய பெயர்தான், பயந்து நின்ற நேரத்தில் உனக்குக் கைகொடுத்தது. 'இஸ்' என்பது நீ யோசித்துச் சொன்னது, எங்களுக்காகச் சொன்னது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 'இஸ்'ஸுக்குப் பின்னால் என் பெயர் இல்லை. வீடு அவளுடையது, ரோஜா அவளுடையது, மகன் அவளுடைய மகன், இப்போது நான் தின்னும் சோறும் அவள் பெயரில் வருகிறது.

போன வாரம் முதல் தடவையாக அரிசி வாங்கப் போனேனே, நீ கேட்டபோது "வாங்கிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். நடந்ததை இப்போது சொல்கிறேன். தானா ராத்தா கிடங்கு வாசலில் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் அஞ்சலை. உள்ளிருந்து ஒருவன் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "லூர்துமேரி!" என்றான். எனக்கு வாய் எழவில்லை. அந்தப் பெயருக்கு நான் பதில் சொன்னால் அதன்பிறகு எனக்கென்று என்ன மிச்சம் என்று நினைத்தேனோ என்னவோ, கால் நகரவில்லை. "லூர்துமேரி! இருக்காளா, இல்லையா?" என்று அவன் மறுபடி கத்தினான். வாசலில் நின்ற ஜப்பான் சிப்பாய் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். நம் தோட்டத்து ஆட்கள் சிலர் அங்கே நின்றார்கள். லூர்துவைப் புதைத்த இடம் தெரிந்தவர்கள். ஒரு வார்த்தை போதும், வீடு போய்விடும், உன் வேலை போய்விடும், பொய் சொன்னதற்கு உன்னை என்ன செய்வார்கள் என்று நினைக்கவே முடியவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் உரிமை யாருக்காவது இருந்தது என்றால் அது அஞ்சலைக்குத்தான். அவள் என் முதுகில் கைவைத்து ஓங்கித் தள்ளினாள். "போடி லூர்து, உன்னைத்தான் கூப்புடுறான். காது செவிடா?"

"இருக்கேன்" என்றேன்.

அரிசியைத் தூக்கிக்கொண்டு அவளும் நானும் திரும்பினோம். தேயிலை மரங்களுக்கு நடுவே ஏறும்போது, "அவன் கூப்புட்டதும் எனக்கு ஒடம்பு சிலுத்துப்போச்சுடி. அவதான் வாறாளோன்னு பாத்தேன்" என்றாள்.

"வந்தது நான்தான்" என்றேன்.

கண்ணையும் மூக்கையும் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "ம். பேரு வந்துருச்சு. ரசந்தான் இன்னும் வரல."

இவ்வளவுக்குப் பிறகும் பொறாமை போயிற்றா என்று கேட்டால், போகவில்லை. அஞ்சலை அழுதது எனக்காக இல்லை என்பதுகூட எனக்கு வலிக்கிறது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நீ போய் லூர்துவின் சிலுவையில் பெயரைப் புதிதாக எழுதிவிட்டு வருவாய். கையில் கறுப்புச் சாயத்தோடு நீ வீட்டுக்குள் வரும்போது எனக்கு உள்ளே எரியும். இந்த வருடம் நீ இருக்க மாட்டாய். அந்தப் பெயரை யாரும் எழுதக் கூடாது, மழையில் அழிந்தே கிடக்கட்டும். உயிரோடு அரிசி வாங்குகிறவளுக்குச் சிலுவை இருக்கக் கூடாது. அழியட்டும் என்று எத்தனையோ முறை ஆசைப்பட்டிருக்கிறேன், அழிய வேண்டிய காலம் வந்தபோது சந்தோஷமாக இல்லை. நான் போய்ப் புல்லைப் பிடுங்கிவிட்டு வருகிறேன். அவளிடம் எனக்குக் கொஞ்சம் சண்டை பாக்கி இருக்கிறது, அதையும் போட்டுவிட்டு வருகிறேன்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியவை. டெலிபோனில் தலையாட்டாதே. புரியாததற்கு 'யெஸ் சார்' சொல்லாதே. புரியவில்லை என்று சொல்வதற்கு வாங்கும் திட்டு, தவறான வண்டியில் சரக்கு ஏற்றியதற்கு வாங்கும் அடியைவிடச் சின்னது. ஆபிஸ் வாசற்படியைத் தாண்டியதும் ஆங்கிலத்தை விழுங்கிவிடு, தெருவில் ஒரு 'தேங்க்யூ'கூட வழுக்கி வெளியே வரக் கூடாது. கீழே கொசு அதிகம், கால்களை மூடிக்கொண்டு படு. மெஸ்ஸில் உனக்குச் சமைத்துப் போடுகிறவர்கள் கையை மெச்சி எனக்கு எழுதாதே, எனக்குத் தாங்காது. எஸ்தருக்கு எழுதுவதாக இருந்தால் எழுது. ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டு வர இத்தனை நேரம் ஆகுமா என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் அது என் குணம், நீ அதற்காக உன்னை மாற்றிக்கொள்ள வேண்டாம். யாராவது உன் அம்மாவைப் பற்றிக் கேட்டால் 'இஸ்' என்றே சொல். தூக்கத்தில்கூட 'வாஸ்' சொல்லிவிடாதே. நான் உருவேற்றியதை எல்லாம் மறந்துவிடு.

லாரிக்காரர் கையில் நீ கொடுத்தனுப்பும் கடிதங்கள் தோட்டத்து ஆபிஸுக்குத்தான் வரும். அங்கே பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கொடுப்பார்கள். அதனால் உறையின்மேல் லூர்துமேரி என்று எழுது, பிழையில்லாமல், தெளிவாக. நான் போய் வாங்கிக்கொள்வேன். இனி அந்தப் பெயருக்குத் தயங்காமல் பதில் சொல்வேன்.

ஆனால் உள்ளே, முதல் சொல்லாக, சின்னம்மா என்று எழுது. இத்தனை வருடமும் அந்தச் 'சின்ன' எப்போது உதிரும், வெறும் அம்மா எப்போது மிஞ்சும் என்று காத்திருந்தேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அம்மா என்று நீ எழுதினால் அது அவளுக்கும் போகும். லூர்துமேரி என்று எழுதினால் அவளுக்கே போகும். இந்த உலகத்தில் நீ ஒரே ஒருத்தியைத்தான் சின்னம்மா என்று கூப்பிட்டிருக்கிறாய். அந்தச் சொல்லில் அவளுக்குப் பங்கு கிடையாது. அதற்குப் பின்னால், நினைவு வந்தால், 'நீ சாப்பிட்டியா' என்று கேள். 'நீங்க' வேண்டாம்.

இதன் கீழே நான் கையெழுத்துப் போடவில்லை, எந்தப் பெயரைப் போட்டாலும் ஆபத்து. படித்து முடித்துவிட்டாயானால் கொடு, அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. என்றைக்காவது இந்தச் சண்டை முடிந்து, பயமில்லாமல் நீ எனக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதுகிற காலம் வந்தால், அகராதியைத் தேடாதே. 'மை ஸ்மால் மதர்' என்றே எழுது. நான் திருத்த மாட்டேன்.